இருநூறு மீன்களுக்குக் காப்பு

மார்ச் 4, திங்கள்

திருச்சுனையூர் வந்து சேர்ந்தேன். கோயில் விடுதியில் அறை. மின்விசிறி மிகுந்த சத்தத்தோடு சுற்றுகிறது, காற்று மட்டும் வருவதில்லை.

வேலை இதுதான். அம்மன் கோயில் குளத்தைத் தூர்வாரப் போகிறார்கள். இருபத்து மூன்றாம் தேதி மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் குளத்து மீன்களை ஊருக்கு வெளியே உள்ள கரிச்சான் ஏரிக்குக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்ய வேண்டும். ஆக்சிஜன் தொட்டி வைத்த லாரி ஒரு நடைக்கு ஐந்நூறு மீன் கொள்ளும். எத்தனை நடை என்பது எத்தனை மீன் என்பதைப் பொறுத்தது. எத்தனை மீன் என்பதை நான் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் மிச்சம் இருப்பவை சேற்றில் துடித்துச் சாகும். கூட்டிச் சொன்னால் லாரிகள் சும்மா நிற்கும், என் உதவி இயக்குநர் சும்மா இருக்க மாட்டார்.

கோயில் செயல் அலுவலர் குலோத்துங்கன் நல்ல மனிதர், அவசரக்காரர். "தோராயமா ஒரு நம்பர் சொல்லிட்டுப் போங்களேன் அறவாழி சார். யாரு எண்ணிப் பாக்கப் போறா?" என்றார். மீன்வளத் துறையில் எட்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், என் எண் இதுவரை பிசகியதில்லை என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

சாயங்காலம் குளத்தைச் சுற்றி வந்தேன். கிழக்குப் படித்துறையில் ஒரு பொரிக்கடை. கும்பிட வருகிறவர்கள் பொரி வாங்கிக் குளத்தில் போடுவது இங்கே வழக்கம். நானும் ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டேன். படி ஓரமே கொதிப்பதுபோல மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. கடையில் இருந்த பெண், "எல்லா மீனும் உசுரோட போயிடுமா சார்?" என்று கேட்டார். பக்கத்து ஊரில் ஒரு குளத்தை இறைத்தபோது வண்டி வண்டியாய்ச் செத்துக் கிடந்ததைப் பார்த்தாராம். அதற்கப்புறம் ஒரு மாதம் மீன் சாப்பிடவில்லையாம்.

"ஒண்ணுகூட சாகாது" என்றேன்.

"எழுதிக் குடுங்க."

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பொரி மடிக்கும் தாளையும் பேனாவையும் நீட்டினார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

முதல் தடங்கல். பிடித்த மீன்களில் வால் துடுப்பின் நுனியைத் துளி கத்தரித்து அடையாளம் வைப்பதுதான் எங்கள் முறை. குலோத்துங்கன் காதைப் பொத்திக்கொண்டார். "அம்மன் மீன் சார்! கத்தரி படலாமா?"

கடைசியில் வாலின் அடியில் நூல் கட்டுவது என்று முடிவாயிற்று. பொரிக்கடையில் காப்புக் கயிற்றுக் கண்டு கிடைத்தது. மஞ்சள் நூல், நன்றாகத் தெரியும். குலோத்துங்கன் அதை வாங்கி அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்து கொடுத்தார்.

பொரி வாங்கினேன். மீன்கள் எந்தப் பக்கம் வருகின்றன என்று பார்ப்பதற்காக.

மார்ச் 6, புதன்

வலை போட அஞ்சப்பன் அண்ணன் வந்திருக்கிறார். ஐம்பது வயது, பீமன் மாதிரி தோள், வேலை செய்வதில் மட்டும் பெரிய சிக்கனம். குளம் முழுக்கச் சுற்ற வேண்டும் என்றேன். "எதுக்குத் தம்பி அலையணும்? பொரியப் போட்டா தானா வரப்போவுது" என்றார். வாங்கிப் போட்டோம். தானாக வந்தன. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இருநூறு மீன்களுக்கு நூல் கட்டிவிட்டோம். அண்ணன் சொன்னது சரிதான், மூளை இருந்தால் முதுகு வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பொரிக்கடைப் பெண்ணின் பெயர் தில்லைநாயகி. அப்பாவுக்கு மூட்டு வலி என்பதால் மூன்று வருடமாக இவர்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாராம். பி.காம். படித்தவர். இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், உள்ளூர்த் தகவல்கள் பதிவாக வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி

பொரி வாங்கினேன். நூல் அவிழ்கிறதா என்று பார்க்க. அவிழவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

விடுமுறை. பொரி வாங்கினேன். மீனுக்கு ஞாயிறு ஏது?

அம்மா போன் செய்தார். திருவாரூரில் ஒரு பெண் இருக்கிறாளாம், படம் அனுப்பட்டுமா என்றார். குளத்தில் வேலை அதிகம் என்றேன்.

மார்ச் 11, திங்கள்

கட்டிய நூல்காரர்கள் கூட்டத்தோடு கலந்து பழக நான்கு நாள் விட்டாயிற்று. இன்று இரண்டாம் பிடி. அதே கிழக்குப் படி, அதே பொரி, அதே அஞ்சப்பன் அண்ணன். 150 மீன் பிடித்தோம். 60 மீன்களுக்கு நூல் இருந்தது.

நூற்றைம்பதில் அறுபது என்றால் ஐந்தில் இரண்டு. பிடித்ததில் ஐந்தில் இரண்டு நூல் கட்டியது என்றால், குளம் முழுவதிலும் ஐந்தில் இரண்டுதான் நூல் கட்டியது. நூல் கட்டியது இருநூறு. ஆக மொத்தம் ஐந்நூறு. ஒரே ஒரு லாரி, ஒரே ஒரு நடை. அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். குலோத்துங்கனுக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை.

மார்ச் 12, செவ்வாய்

குலோத்துங்கனின் வேகத்தை என்ன சொல்ல! கோயில் வாசலில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்: '500 மீன்களுக்கு மறுவாழ்வு'. ஒரு மீன் கும்பிடுகிற படம் வேறு.

தில்லைநாயகியிடம் முறையை விளக்கினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான். "உங்க பொரி மூட்டையில இருநூறு பொட்டுக்கடலையைப் போடறோம். நல்லாக் கலக்கறோம். அப்புறம் ஒரு கை அள்ளறோம். கையில எவ்வளவு பொரி, எவ்வளவு கடலைன்னு பாத்தா மூட்டை முழுக்க எவ்வளவு பொரின்னு சொல்லிடலாம். மொத்தத்தையும் எண்ண வேண்டியதே இல்லை."

அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "கலக்கினாத்தான சார்?" என்றார்.

"ஆமா, கலக்கணும்."

"நீங்க குளத்தைக் கலக்கினீங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பொரிக்கு வர்றது எப்பவும் அதே மீனுங்கதான் சார். எனக்கு ஒவ்வொண்ணும் அடையாளம் தெரியும். அந்த மூக்கு வெளுத்த கட்லா, ஒத்தைக் கண்ணு ரோகு... எல்லாம் நம்ம வாடிக்கைக்காரங்க. அதுங்களைப் பிடிச்சு நூல் கட்டி, மறுபடியும் பொரியப் போட்டு அதுங்களையே பிடிச்சா, நூல் கட்டினதுதான வரும்? பொரிக்கு வராத மீனு குளத்துல எவ்வளவு இருக்கு, தெரியுமா?"

துறையில் எட்டு வருட அனுபவம் உள்ளவனிடம் பேசுகிறோம் என்ற எண்ணம் வேண்டாமா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாங்கிய பொட்டலத்தைக் கடைப் பலகையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13, புதன்

பொரி வாங்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

உச்சி வெயிலில் மேற்குக் கரைக்குப் போனேன். யாரும் போகாத பக்கம், படிகள் உடைந்து கிடக்கும், புன்னை மரம் தண்ணீரின் மேல் சாய்ந்திருக்கும். சும்மா நடக்கத்தான் போனேன். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. விரால் குஞ்சுக் கூட்டம், அதற்குக் கீழே தாய் விரால். அப்பால் குமிழி குமிழியாய்க் கெளுத்தி. நடுவில் நீராழி மண்டபத்து நிழலில் ஏதோ பெரிதாகப் புரண்டது. ஒரு வாலில்கூட மஞ்சள் இல்லை.

இவ்வளவு அழகாக ஐந்நூறு என்று முழு எண் வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது. நான் எண்ணியது குளத்தை அல்ல. தில்லைநாயகியின் வாடிக்கையாளர்களை.

சாயங்காலம் கடைக்குப் போய், "ஒரு பொட்டலம்" என்றேன். அவர் பொட்டுக்கடலை கலந்த பொரி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளினார். கை நிறையக் கடலை. "மேல அள்ளினா பொரிதான் வரும் சார். கடலை அடியில போயிடும். அதான் நாங்க ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கிண்டிக் கிண்டிப் போடுவோம்" என்றார். வேறு எதுவும் சொல்லிக் காட்டவில்லை. அதற்கு மட்டும் நன்றி.

மார்ச் 16, சனி

நேற்றும் இன்றும் சரியான வேலை. குளத்தைக் கலக்க முடியாது, ஆனால் வலையைக் குளம் முழுக்கக் கொண்டுபோக முடியும். கரையில் குச்சி நட்டு, குளத்தை இருபத்து நான்கு கட்டமாகப் பிரித்தேன். பீப்பாய் கட்டிய மிதவையில் ஏறிக் கட்டத்துக்கு நான்கு வீச்சு. மீன் நிறைய இருக்கிற கட்டம், இல்லாத கட்டம் என்ற பேதமே கிடையாது. பிடித்தவற்றை மறுபடி எண்ணிவிடாமல் இருக்க வலைக்கூண்டில் போட்டு வைத்தோம். வலைக்குப் பொரி அறவே கிடையாது; இரண்டு நாளும் சாயங்காலம் கடையில் வாங்கிய பொரி தனிக் கணக்கு.

"பொரி இல்லாம வலை வீசுறது, சாப்பாடு போடாம பந்திக்குக் கூப்பிடற மாதிரி" என்று அஞ்சப்பன் அண்ணன் முணுமுணுத்தார். மேற்குக் கரையில் மூன்றாவது வீச்சில் கை நீளத்துக்கு விரால் வந்ததும் அவர் முணுமுணுப்பு நின்றுவிட்டது. "ஏந் தம்பி, இவ்வளவு பேரு இங்கதான் இருந்தாங்களா?" என்றார்.

மொத்தம் 504 மீன். நூல் கட்டியது 25 மட்டும். இருபதில் ஒன்று. இருநூறு மீன் இருபதில் ஒரு பங்கு என்றால் குளத்தில் நான்காயிரம். ஆயிரம் கூடலாம், ஆயிரம் குறையலாம். ஐந்நூறு மட்டும் நிச்சயமாக இல்லை.

ஒரு லாரியோடு வந்திருந்தால் மூவாயிரத்து ஐந்நூறு மீன் சேற்றில் கிடந்திருக்கும்.  'ஒண்ணுகூட சாகாது' என்று எழுதிக் கொடுத்த தாள் வேறு தில்லைநாயகியிடம் இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

குலோத்துங்கனிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் என்னையும் பிறகு பிளெக்ஸையும் பார்த்தார்.

"சார், நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. ஐந்நூறுன்னு மந்திரி ஆபீஸ் வரைக்கும் சொல்லியாச்சு. இப்பப் போய் நாலாயிரம்னா உங்களைத்தான் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார்" என்றேன். இந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. பிறகு, 'என் முதல் அறிக்கை தவறு. ஒரே இடத்தில், இரை போட்டுப் பிடித்ததால் நேர்ந்த பிழை. முழுப் பொறுப்பும் என்னுடையது. பத்து நடைக்கு லாரி தேவை' என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். எட்டு நடை போதும் என்றுதான் கணக்கு. இரண்டு நடை கூடக் கேட்டது பயத்துக்கு.

பொரி வாங்கினேன். விஷயத்தைச் சொன்னேன். தில்லைநாயகி கல்லாப் பெட்டியிலிருந்து என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பத்திரமாக உள்ளே வைத்தார். "இன்னும் செல்லும்ல சார்?" என்றார். செல்லும் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

உதவி இயக்குநர் போனில் பதினேழு நிமிடம் பேசினார். நான் "ஆமாம் சார்" என்று பதினோரு தடவை சொன்னேன். முடிவில், "சரி, நாலு லாரி அனுப்பறேன். இதுவும் தப்புன்னா நீயே ஒரு குளத்தைப் பாத்துக் குதிச்சுக்க" என்றார். அவர் இவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 21, வியாழன்

எல்லாம் கூடி வந்தபோது ஊர் கிளம்பிவிட்டது. காலையில் பூசாரி நான்கைந்து பேரோடு கோயில் அலுவலகத்துக்கு வந்தார்.

"அம்மனுக்குக் காப்புக் கட்டினவங்க ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கரிச்சான் ஏரி எல்லைக்கு அந்தாண்ட இருக்கு. இருநூறு மீனுக்குக் காப்புக் கட்டி வச்சிருக்கீங்க. அதுங்களை எப்படி வெளிய அனுப்புவீங்க?"

நான், "அது அடையாள நூல்தாங்க" என்றேன்.

"அம்மன் காலடியில வச்சு எடுத்துக் குடுத்தது யாரு?"

எல்லோரும் குலோத்துங்கனைப் பார்த்தார்கள். குலோத்துங்கன் மேற்கூரையைப் பார்த்தார்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு வழி போட்டிருக்கவில்லை. வாசலில் தேங்காய் பழத்தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த தில்லைநாயகிதான், "காப்பு அவுத்தப்புறம் போலாம்ல பூசாரி? லாரியில ஏத்தறப்ப ஒவ்வொண்ணும் கை வழியாத்தான போவுது. நூல் இருக்கறதை எல்லாம் நான் அவுத்து விடறேன்" என்றார். பூசாரி யோசித்தார். அவிழ்த்த நூல்களை அம்மனிடமே சேர்க்க வேண்டும் என்றார். சரி என்றோம். எனக்கும் நல்லதாயிற்று, எண்ணிச் சரிபார்த்த மாதிரியும் ஆகும்.

பிளெக்ஸில் 500ஐ மறைத்து 4000 ஒட்டிவிட்டார்கள். இடம் போதாமல் கடைசிப் பூஜ்யம் மீனின் கையில் இருக்கிறது.

மார்ச் 25, திங்கள்

இருபத்து மூன்றாம் தேதி மோட்டார் போட்டார்கள். தண்ணீர் இடுப்பளவுக்கு வந்ததும் நேற்றிலிருந்து இழுவலை. விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறும்வரை வேலை, மறுபடி சாயங்காலம். தில்லைநாயகி கீழ்ப்படியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒவ்வொரு கூடையும் அவரைத் தாண்டித்தான் போகிறது. "வாங்க மூக்கு வெளுத்தவரே, காப்பு அவுக்கணும்" என்று ஒவ்வொன்றோடும் பேச்சு. இன்றுவரை ஐந்து நடை. மீன் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

கடை பூட்டியிருந்ததால் பொரியை அவரே முன்கூட்டி எடுத்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

மார்ச் 27, புதன்

முடிந்தது. 4,386 மீன்!

எட்டு நடையோடு நிறுத்தியிருந்தால் 386 மீன் நின்றிருக்கும். ஒன்பதாவது நடையில் அவையும் போயின. பத்தாவது நடைக்கு அஞ்சப்பன் அண்ணன் தொட்டியில் தண்ணீரோடு தானே ஏறி உட்கார்ந்து ஏரி வரைக்கும் போய்வந்தார். ஏழு வருடமாக ஊர் எல்லைக்கு வெளியே குளிக்கவில்லையாம்.

ஏழு மீன்கள் செத்துவிட்டன. மறைக்க மனம் வரவில்லை. தில்லைநாயகியிடம் போய், "ஒண்ணுகூட சாகாதுன்னு எழுதினேன். ஏழு போயிடுச்சு" என்றேன். தாளைக் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து 'ஒண்ணுகூட' என்பதை அடித்து 'ஏழுக்கு மேல்' என்று திருத்தினார். "இப்ப சரியா இருக்கா சார்?" என்றார். திருத்தத்தின் கீழே மறுபடி ஒரு கையெழுத்துப் போட்டேன். 

அவிழ்த்த நூல்கள் 199. ஒன்று கணக்கில் வரவில்லை. அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டேன்.

மார்ச் 29, வெள்ளி

குளம் வற்றிவிட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி மாவட்ட அலுவலகத்தில் ஆஜராகச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பொரி வாங்கினேன்.

மார்ச் 30, சனி

பெட்டி கட்டி வைத்தாயிற்று. பொரிக்கடைக்குப் போனேன்.

"மீனே இல்லையே, யாருக்கு சார் பொரி?" என்றார் தில்லைநாயகி.

"எனக்குத்தான். பசி."

அவர் பொரியைக் கிண்டிக்கொண்டே பேசினார். "எல்லாத்தையும் எண்ண வேண்டியதில்ல, கொஞ்சத்தைப் பாத்தாப் போதும்னு சொன்னீங்கல்ல. நான் ஒரு வாரம் மட்டும் எண்ணிப் பாத்தேன் சார். பதினொண்ணாம் தேதியிலேருந்து பதினேழு வரைக்கும். ஏழு நாள்ல ஆறு நாள் பொரி வாங்கியிருக்கீங்க. அப்ப வருஷம் முழுக்க இங்க இருந்தா எத்தனை நாள் வருவீங்க?"

கணக்கு என்றால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடும். "முந்நூத்திப் பதிமூணு நாள்."

"மிச்சம் அம்பத்திரண்டு நாள்?"

"கோவத்துல இருப்பேன்."

அவர் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கைகூடப் பறந்துவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா ஒரு வாரக் கணக்கை நம்பக் கூடாதுங்க. ரொம்பச் சின்ன மாதிரி. அதுவும் வேலை இருந்த வாரம். தப்பா வரும்" என்றேன்.

"அப்ப எத்தனை நாள் எண்ணினா சரியா வரும்?"

"ஒரு வருஷமாவது எண்ணணும்" என்றேன். துறை ரீதியாகத்தான் சொன்னேன்.

அவர் பொட்டலத்தை மடித்து, எப்போதும் கட்டுகிற சணலை விட்டுவிட்டு வேறு எதையோ எடுத்துக் கட்டிக் கொடுத்தார். உள்ளே போய்விட்டார்.

அறைக்கு வந்துதான் பார்த்தேன். மஞ்சள் காப்புக் கயிறு. புதிது இல்லை. சேறு படிந்து, துவைத்து, காயவைத்தது. வற்றிய குளத்தின் கீழ்ப்படியில் கிடந்திருக்க வேண்டும். இருநூறாவது நூல். பூசாரியிடம் சேர்த்திருக்க வேண்டியது, என்னிடம் வந்துவிட்டது.

ஒற்றைக் கையால் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது எளிதல்ல. பல்லால் இழுத்து ஒருவழியாக முடிச்சுப் போட்டேன். இந்த ஊர் வழக்கப்படி, காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. ஏரியில் விட்ட மீன்கள் பிழைக்கின்றனவா என்று ஒரு வருடம் கண்காணிக்க வேண்டும், அதற்கு அறவாழியை இங்கேயே வைக்கலாம் என்று உதவி இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஏரி எல்லைக்கு வெளியே இருப்பதை மட்டும் அம்மன் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியையும் பிரித்துவிட்டேன்.

நாளை காலை அம்மாவுக்கு போன் செய்ய வேண்டும். திருவாரூர்ப் படம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.